வோல் துரையின் பன்னம்

அரசர் பட்டியலும் போர்களின் ஆண்டுக்கணக்குமே வரலாறு என்று கருதிய காலம் மலையேறிவிட்டது. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, அந்நிலத்தில் உழைத்தோர் யார், உழைப்பின் பயனை நுகர்ந்தோர் யார் என்னும் வினாக்களே இன்று வரலாற்று மாணவனின் முதல் வினாக்களாக உள்ளன. இவற்றுக்கு விடைதரும் சான்றுகள் அரசாங்க ஏடுகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் மட்டும் கிடப்பனவல்ல. விரலளவேயான ஒரு காட்டுச் செடியின் பெயரிலும் அவை பொதிந்து கிடக்கலாம். அத்தகைய ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அதன் பின்னே விரியும் வரலாற்றை ஆராய்வதே ஈண்டு நமது நோக்கம்.

இலங்கையின் ஈரவலயத்திலும் மத்திய மலைகளின் சரிவுகளிலும் எஞ்சியிருக்கும் என்றும் பசுமையான காடுகளில் மென்படலப் பன்னங்கள் என்னும் தாவரக் குடும்பம் ஒன்று வாழ்கின்றது. பன்னம் என்றவுடன் மலையோடையின் கரையில் குடைவிரித்து நிற்கும் மரப்பன்னமே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். இவை அதற்கு நேர்மாறானவை. மரத்தின் அடித்தண்டிலும் நீர் கசியும் பாறையிலும் பாசியோடு பாசியாகப் படர்ந்து கிடப்பவை. அறியாதவர் இவற்றைப் பாசியென்றே எண்ணிக் கடந்துவிடுவர். இக்குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனத்துக்குத் தாவர நூலார் வழங்கிய பெயர் டிரைக்கோமானெஸ் வாலியை என்பது. இப்பெயரைச் சூட்டியவர் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் என்னும் அறிஞர். பெயருக்கு உரியவர் ஜோர்ஜ் வோல் என்னும் கோப்பித் தோட்டத் துரை.

காட்டை அழித்துக் கோப்பி நட்ட வகுப்பின் தலைவர்களுள் ஒருவருடைய பெயர், காடில்லையேல் வாழமுடியாத ஒரு செடிக்கு வாய்த்தது எவ்வாறு? இதனை விளங்கிக்கொள்ள முதலில் அச்செடியின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

மென்படலப் பன்னத்தின் இலையை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தால் நனைந்த கண்ணாடித்தாளைப் போன்று ஊடுருவித் தெரியும். நரம்புகள் நீங்கலாக, அவ்விலையின் தடிப்புப் பெரும்பாலும் ஒரேயொரு கலத்தின் தடிப்பே. ஏனைய செடிகளின் இலைகளில் நீராவி வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் இலைவாய்கள் இவற்றின் இலைகளில் இல்லை. நீர் இழப்பைத் தடுக்கும் மெழுகுப் போர்வையும் இல்லையென்றே சொல்லலாம். மழைத்துளியையும் மூடுபனியையும் இலைப்பரப்பினாலேயே இவை உறிஞ்சிக்கொள்கின்றன. பெரிய மரங்களின் விதானத்தைத் தாண்டிக் கீழே விழும் அற்ப ஒளியே இவை தமக்கு வேண்டிய உணவைத் தொகுத்துக்கொள்ளப் போதுமானது. காற்று வறண்டால் இலை சுருண்டுவிடும். மீண்டும் ஈரம் பட்டதும் விரியும் ஆற்றல் சில இனங்களுக்கு உண்டு. ஆயின், விதானம் நீங்கி நேர்வெயில் நாள்தோறும் படுமாயின் இக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் பிழைப்பதில்லை.

எனவே, இச்செடி காட்டில் வளர்கின்றது என்று கூறுவதிலும், காடு உண்டாக்கும் ஈரக்காற்றில் வாழ்கின்றது என்று கூறுவதே பொருந்தும். மரம் நின்றால் பன்னம் நிற்கும். மரம் வீழ்ந்தால், கோடரி தன்மேற் படாமலே பன்னம் அழியும்.

இனி, அம்மரங்கள் வீழ்ந்த கதைக்கு வருவோம்.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை வெட்டப்பட்டதும் மலைநாட்டுக் காடு வணிகரின் கண்ணுக்கு நிலமாகத் தோன்றலாயிற்று. 1820களில் கம்பளைக்கு அண்மையிலும் பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொருவையிலும் தொடங்கிய கோப்பிச் செய்கை, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு பெருங்காய்ச்சலாக மாறியது. அதற்குத் தடையாக இருந்தது ஒன்றே. கண்டிக் கிராமத்தவர்கள் தம் வயலுக்கு மேலே கிடந்த காட்டைத் தமதென்று கருதினர். அங்கே சேனை செய்தனர், மாடு மேய்த்தனர், விறகும் தேனும் மருந்தும் எடுத்தனர். அவர்கள் கையில் உறுதிப்பத்திரம் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமே அவர்களுடைய உறுதி.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அத்தடையை நீக்கியது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியனவென்று கொள்ளப்படும் என்பது அச்சட்டத்தின் சாரம். நிரூபிக்கும் சுமை குடியானவன் தலையில் ஏற்றப்பட்டது. இவ்வாறு முடிக்குரியதாகிய நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்கு வீதம் விற்கப்பட்டது. 1844 இல் அவ்விலை இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் படையதிகாரிகளும் பலர் இருந்தனர். நிலத்தை விற்றவனும் வாங்கியவனும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவனாக இருந்த விந்தையை இங்கே காண்கிறோம். 1848 இல் மாத்தளைப் பகுதியில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகளே உடனடிக் காரணமாயினும், காட்டை இழந்த கிராமத்தின் மனக்கசப்பும் அதன் அடியில் இருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

காடு வெட்டிய முறையை அக்காலத்துத் தோட்டக்காரர் சிலர் வருணித்துள்ளனர். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்திக்கொண்டே செல்வர். உச்சியை அடைந்ததும் அங்குள்ள பெருமரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை தம் கீழுள்ள மரங்களின்மேல் விழ, அவை அடுத்த வரிசையின்மேல் விழ, மலைச்சரிவு முழுவதும் பேரிரைச்சலோடு ஒரே வேளையில் சரியும். சில வாரங்கள் வெயிலிற் காய்ந்தபின் தீ வைக்கப்படும். சாம்பலுக்கிடையே முளையடித்துக் கோப்பிக் கன்று நடப்படும். மரத்தண்டின் ஈரப்பாசியில் ஒட்டியிருந்த மென்படலப் பன்னம் அத்தீயில் எத்தனை கணம் நின்றிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வேலையைச் செய்த கைகள் யாருடையவை? காடு வெட்டும் ஒப்பந்த வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் செய்தனர். நடுகை, களை பிடுங்கல், பழம் பறித்தல் என்னும் ஓயாத வேலைகளுக்குத் தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கங்காணியின் முற்பணக் கடனைத் தலையில் சுமந்து கடலைக் கடந்த அவர்கள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியில் அவர்களுட் பலரைக் கொன்றன. தன் காட்டை இழந்த ஒருவனும் தன் ஊரை இழந்த ஒருவனும் ஒரே மலைச்சரிவில், ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல், ஒரே மூலதனத்துக்காக உழைத்தனர். பின்னாளில் இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராகக் காட்டிய அரசியலுக்கு, அவர்களைப் பொதுவாக வஞ்சித்தது எது என்பதை மறைக்கவேண்டிய தேவை இருந்தது.

ஜோர்ஜ் வோல் இக்கோப்பி யுகத்தின் மனிதர். 1846 இல் இலங்கைக்கு வந்தவர். தோட்டக்காரராகவும் வணிகராகவும் உயர்ந்து, தோட்டக்காரர் சங்கத்தின் தலைமைப் பதவியையும் சட்டநிரூபண சபையின் அங்கத்துவத்தையும் பெற்றவர். 1864 இல் படைச்செலவு பற்றிய பிணக்கில் அரசாங்கத்தை எதிர்த்துச் சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் பதவி துறந்தபோது அவர்களுள் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டில் அமைந்த இலங்கைக் கழகம் என்னும் அரசியல் இயக்கத்தின் தலைவரும் அவரே. பிற்காலத்தில் குடியானவனை வருத்திய நெல்வரியைக் கண்டித்து எழுதினார். அவ்வரி 1892 இல் ஒழிக்கப்பட முடிவாயிற்று. இவை யாவற்றுக்கும் மேலாக, அவர் பன்னங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். மலைக்காடுகளிலே தேடித் தொகுத்து, 1870களில் இலங்கைப் பன்னங்களின் பட்டியலொன்றையும் வெளியிட்டார். துவைற்ஸ் தம் நண்பரின் பெயரைச் செடிக்கு வழங்கியது முகத்துதிக்காக அன்று. அவ்வுழைப்புக்கு அது உரிய மதிப்பே.

ஆகவே, வோலை ஒரு கொடியவராகச் சித்திரித்துவிட்டு நமது ஆராய்ச்சியை முடித்துக்கொள்வது எளிதன்று, நேர்மையும் அன்று. பன்னத்தை நேசித்த கண் அவருக்கு இருந்தது. வரியின் கொடுமையைக் கண்ட மனச்சாட்சியும் இருந்தது. எனினும், அவர் சார்ந்த பொருளாதாரம் காட்டை ஏக்கர்க் கணக்கில் விழுங்கிக்கொண்டே இருந்தது. 1870களின் இறுதியில் இலங்கையிற் கோப்பி பயிரிடப்பட்ட நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேல். ஒரு தனிமனிதனின் நற்குணம், அவன் ஊழியம் செய்யும் உற்பத்தி முறையின் போக்கை மாற்றுவதில்லை என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? மாலையிற் பன்னம் தொகுத்தவரும் காலையிற் காட்டின் விலையைக் கணக்கிட்டவரும் ஒருவரே. இவ்விரண்டும் அவருக்கு முரணாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. அவருடைய வகுப்பு அவ்வாறு காணும்படி அவரைப் பழக்கியிருந்தது.

இப்பழக்கம் இலங்கையில் மட்டும் உருவானதன்று. இலண்டனின் கிழக்குப் பகுதியிற் கரிப்புகை சூழ வாழ்ந்த நதானியல் வார்ட் என்னும் மருத்துவர், 1829 இல் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய போத்தலொன்றில் இட்டு வைத்தார். புழுவை மறந்து போத்தலைக் கவனித்தவர், உள்ளே ஒரு பன்னமும் புல்லும் முளைத்திருக்கக் கண்டார். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, மீண்டும் துளித்து, செடியை வாழ்விப்பதை உணர்ந்தார். அவ்வாறு பிறந்ததே வார்ட்டின் பெட்டி. திறந்த அறையிற் பிழைக்கமுடியாத மென்படலப் பன்னங்கள் அப்பெட்டிக்குள் செழித்தன. அயர்லாந்தின் கில்லார்னிப் பகுதிக்குப் புகழீட்டிய மென்படலப் பன்னம் வார்ட் விரும்பி வளர்த்த செடிகளுள் ஒன்று. விக்ரோரியா காலத்து நடுத்தர வகுப்பினரிடையே பன்னம் சேர்த்தல் ஒரு பித்தாகவே பரவியது. அப்பித்துக்கு 1855 இல் சார்ல்ஸ் கிங்ஸ்லி என்னும் எழுத்தாளர் பெயரொன்றே படைத்தார். வரவேற்பறை அலங்காரத்துக்காக அள்ளிச் சென்றவர்களால் கில்லார்னிப் பன்னம் தன் சொந்த மண்ணிலே அருகிப்போயிற்று.

ஆயின், அப்பெட்டி வரவேற்பறையோடு நின்றுவிடவில்லை. கடற்காற்றும் உப்பும் படாமற் செடிகளை உயிரோடு கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுசெல்ல அது வழி திறந்தது. 1848 முதல் 1851 வரை சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் இமயச் சரிவுகளுக்குச் சென்றது அப்பெட்டியில். 1876 இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து 38 பெட்டிகளில் ஏறக்குறைய 1,900 இரப்பர்க் கன்றுகள் துவைற்ஸின் பொறுப்பிலிருந்த இலங்கைப் பூங்காக்களுக்கு வந்தன. ஈரக்காட்டின் ஒரு துண்டைக் கண்ணாடிக்குள் அடைக்கும் கலை, உலகின் ஈரக்காடுகளை அழித்துத் தோட்டமாக்கும் தொழிலுக்குக் கருவியாயிற்று. பன்னத்தை வாழவைத்த அதே பெட்டி, பன்னத்தின் காட்டுக்கு எமனாகவும் அமைந்தது. விஞ்ஞானம் எவர் கையில், எவருடைய நலனுக்காக இயங்குகின்றது என்னும் வினாவை ஒதுக்கிவிட்டு அதனைப் போற்றுவதும் தூற்றுவதும் பயனற்றவை.

1869 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். மடுல்சீமைப் பகுதிக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் தோன்றின. துவைற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த பேர்க்கிலி என்னும் அறிஞர், அது ஒரு புதிய பூஞ்சணம் என்று கண்டு பெயரிட்டார். இலையில் நீர்த்துளி தங்கினால் முளைக்கும் அப்பூஞ்சணத்துக்கு மலைநாட்டின் மழையும் பனியும் துணைசெய்தன. சரிவு சரிவாக ஒரே பயிர் இடையீடின்றி நின்றமை அதற்கு விருந்தாயிற்று. காட்டில் பன்னத்தை வளர்த்த அதே ஈரம், காடழித்த நிலத்திற் கோப்பியைக் கொன்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி யுகம் முடிந்தது. வோலின் வணிக நிலையமும் அவ்வீழ்ச்சிக்குத் தப்பவில்லை. துரைமார் தேயிலைக்கு மாறினர். தொழிலாளிக்கு மாறுதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. பறிக்கும் பொருள் பழத்திலிருந்து கொழுந்தாயிற்று; லயன் அறை அவ்வாறே இருந்தது.

இதே காலத்தில், 1873 இல், கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் வழங்கிய ஆலோசனையின்படி, இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தோட்டத்துக்கென விற்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. காலநிலையையும் நீரூற்றுக்களையும் காப்பதே அதன் நோக்கம். இன்று ஹோட்டன் சமவெளியையும் சிவனொளிபாதமலைச் சூழலையும் நாம் காடாகக் காண்கிறோமெனின், அத்தடைக்கும் அதிற் பங்குண்டு. இதனை நாம் நன்றியோடு ஏற்கலாம். ஆயின், அத்தடைகூடத் தோட்டங்களுக்கு நீர் வற்றக்கூடாதென்னும் கவலையோடு பிணைந்தே பிறந்தது என்பதையும், அந்த உயரத்துக்குக் கீழே கிடந்த காடும் அதில் வாழ்ந்த கிராமமும் அப்பாதுகாப்பைப் பெறவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இலக்கிய மாணவர் என்ற முறையில் நாம் இங்கு கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. தமிழ் மரபு மலைநிலத்தைக் குறிஞ்சி என்று பெயரிட்டுப் பாடிய மரபு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்வதை நாம் மாணவருக்குப் பெருமையோடு கற்பிக்கிறோம். பூவாத பன்னத்துக்கு அவ்வரிசையில் இடமில்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. ஒவ்வொரு சமுதாயமும் தன் வாழ்க்கைக்கு வேண்டியவற்றையே பெயரிட்டு அழைக்கின்றது என்பதற்காகக் கூறுகிறோம். இலை நோய் தோன்றிய அதே 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் கோப்பிக் கிருஷிக் கும்மி வெளிவந்தது. மலையகத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட முதல் தமிழ் நூல்களுள் ஒன்று அது. அதிலே கோப்பி நடும் முறையும் பராமரிக்கும் முறையும் கும்மி மெட்டில் அமைந்துள்ளன. துரைமாரின் புகழும் உண்டு. தொழிலாளியின் சொந்தக் குரலைக் கேட்க விரும்புவோர் வாய்மொழிப் பாடல்களையே நாட வேண்டும். அவற்றைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணி, எந்தத் தாவரப் பட்டியலுக்கும் குறைந்ததன்று.

பெயர் என்பது சிறிய பொருளன்று. துவைற்ஸ் 1858 முதல் 1864 வரை வெளியிட்ட இலங்கைத் தாவர நூல் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுவது. அதன் பின்னே பேராதனையில் ஏறத்தாழ நாற்பதாண்டு செடிகளை வரைந்த ஹர்மானிஸ் டி அல்விஸின் உழைப்பு உண்டு. அவருடைய பெயரையாவது நாம் அறிவோம். பெட்டி சுமந்தவர், வழி காட்டியவர், பாறையில் ஏறிப் பறித்துக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வடக்குப் பாதையோரத்திற் புதையுண்டவர்களுக்கு நடுகல்லும் இல்லை. அவர்களுடைய சந்ததியினரோ 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தாம் பிறந்த நாட்டிலேயே நாடற்றவராயினர். 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, அப்பழியின் எச்சம் நீடித்தது. தாம் அழித்தறியாத காட்டின் சாம்பலில் வாழ்ந்தவர்களுக்கு, அந்த மண்ணில் ஓரடி நிலமும் சொந்தமாகவில்லை.

இது பழங்கதையன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அச்சரிவு ஆபத்தானது, அங்குள்ளோரை அகற்ற வேண்டும் என்று அதிகாரிகள் முன்னரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை இருந்தது; போவதற்கு நிலம் இருக்கவில்லை. மலையின் ஈரத்தைப் பிடித்துவைத்த வேர்கள் அகன்று ஒரு நூற்றாண்டுக்கு மேலான சரிவுகளில், மழையின் முழுப் பாரத்தையும் தாங்க விடப்பட்டவர்கள் அந்நிலத்திற் பங்கில்லாதவர்களே.

சிங்கராசா வனமும் 2010 இல் மத்திய மலைக்காடுகளும் உலக மரபுரிமைச் சொத்துக்களாக ஏற்கப்பட்டுள்ளன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆயின், காட்டைக் காப்பது ஒரு வேலை, அக்காட்டின் விளிம்பில் வாழும் தொழிலாளியையும் குடியானவனையும் காப்பது வேறொரு வேலை என்று எண்ணுவோமாயின், வோல் துரையின் பிளவுபட்ட பார்வையையே நாமும் சுவீகரித்தவராவோம். பன்னத்தைத் தனியே பெயர்த்துக் கண்ணாடிக்குள் வைத்து நேசிப்பது அப்பார்வை. மரம், மண், நீர், மனிதர் என்னும் முழுமையினின்று பிரித்தால் அச்செடி வாழாது என்பதை அதன் ஒற்றைக்கல இலையே நமக்கு எடுத்துரைக்கின்றது.

வோலின் பெயர் அச்செடிக்கு நிலைக்கட்டும்; அறிவுக்கு அவர் செய்த தொண்டை நாம் மறுக்கவில்லை. மலைநாட்டுப் பாடசாலைகளிற் பயிலும் நம் மாணவர், அப்பெயரைக் கற்கும்போது அதனோடு 1840 ஆம் ஆண்டின் சட்டத்தையும் வடக்குப் பாதையையும் சேர்த்துக் கற்கட்டும். தம் தோட்டத்து ஓடைக்கரையில் எஞ்சி நிற்கும் காட்டுத் துண்டில் அப்பன்னத்தின் உறவுகளைத் தேடிப் பார்க்கட்டும். அத்துண்டுக் காட்டையும் தம் பெற்றோர் குடியிருக்கும் நிலத்தையும் பற்றிப் பேசும் உரிமை தமக்கே உண்டென்று அவர்கள் உணர்வார்களாயின், நாம் கற்பிக்கும் வரலாறு பயனுடையதாகும்.